உயில் இருக்கிறது என்கிறார் தம்பி. அப்புறம் என் கையெழுத்து எதற்கு?

கேள்வி:

எனக்கு 60 வயது. 1986-ல் திருமணமாகி கோவையில் வசிக்கிறேன். பிறந்த ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா 2022-ல் காலமானார். அம்மாவுக்கு 78 வயது. அண்ணன் 2019-லேயே தவறிவிட்டார். அண்ணியும் அவர்களுடைய மகளும் ஊரில்தான் இருக்கிறார்கள். எனக்கு ஒரு தங்கை, ஒரு தம்பி.

அப்பா 1984-ல் மனை வாங்கிக் கட்டிய வீடு, மூன்று ஏக்கர் நிலம், வங்கியில் 8 லட்சம் டெபாசிட், இவைதான் சொத்து. நிலம் தாத்தா 1952-ல் கிரயம் வாங்கியது. அவர் 1971-ல் உயில் எழுதாமல் இறந்தார். 1978-ல் அப்பாவும் சித்தப்பாவும் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஓர் அக்காவும் உண்டு. அத்தை இப்போது இல்லை, அவருடைய பிள்ளைகள் தேனியில் இருக்கிறார்கள்.

"பூர்வீகச் சொத்தில் 1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்கிறார் தம்பி. போன வருடம் ஓர் உயிலையும் காட்டினார். பதிவு செய்யாதது. வீடும் நிலமும் தம்பிக்கு, அம்மா உள்ளவரை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுள்ள தேதி. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் தம்பியின் மைத்துனர். டெபாசிட்டுக்கும் தம்பிதான் நாமினி. பட்டா அவர் பெயருக்கு மாறிவிட்டது. இப்போது என்னையும் தங்கையையும் ஆளுக்கு 2 லட்சம் வாங்கிக்கொண்டு சொத்தில் எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்கிறார். அம்மாவிடம், அவருக்குப் பிறந்த வீட்டில் எழுதிக் கொடுத்த 40 சென்ட்டையும் செட்டில்மென்ட் எழுதிக் கேட்கிறார். அம்மாவுக்கோ அந்த 40 சென்ட்டை என் தங்கை மகனுக்கு வைக்க ஆசை. அவனுக்கு 24 வயது, அறிவுசார் மாற்றுத்திறனாளி. டிரஸ்ட் எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். தம்பியோடு சண்டை வேண்டாம், ஆனால் ஏமாறவும் மனமில்லை. என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். விடுதலைப் பத்திரத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தங்கையிடமும் சொல்லுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்ட விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்ய வேண்டுமானால், ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். விஷயம் தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவும் வேண்டும். படித்த ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, புகைப்படமும் ரேகையும் கொடுத்துப் பதிவு செய்த பிறகு, "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்று சொன்னால் எடுபடாது. போடாத கையெழுத்தை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உயில் உண்மையானது, உறுதியானது என்று தம்பி நம்பினால் உங்கள் கையெழுத்துக்கு 2 லட்சம் ஏன் தர வேண்டும்? கெட்ட எண்ணம்தான் என்று நான் சொல்லவில்லை. கடன் கொடுக்கும் வங்கியோ நிலத்தை வாங்க வருபவரோ "சகோதரிகள் கையெழுத்து வேண்டும்" என்று கேட்டிருக்கலாம். எப்படியானாலும், அந்த உயிலை மட்டும் வைத்துக்கொண்டு காரியம் நடக்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இனி நிலத்துக்கு வருவோம். தாத்தாவிடமிருந்து வந்த எல்லாவற்றையும் பூர்வீகச் சொத்து என்றுதான் நம் ஊர்களில் சொல்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சொத்து யாருடையது என்பதற்கு முன், அது அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்கும். உங்கள் தாத்தா 1952-ல் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியிருந்தால் அது அவருடைய சுயார்ஜிதம். அவர் 1971-ல் உயில் எழுதாமல் இறந்தபோது 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன் 8-வது பிரிவின்படி உங்கள் அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்து. பிறப்பால் அதில் மகனுக்கும் பங்கில்லை, மகளுக்கும் பங்கில்லை. 1986-ல் சந்தர் சென் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் "தாத்தா சொத்து பேரனுக்கு" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதை நம்பி வழக்குப் போட்டுத் தோற்றவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

அந்த 1952 கிரயப் பத்திரத்தை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். கூட்டுக்குடும்ப வருமானத்தில் வாங்கியது என்றோ, பழைய குடும்ப நிலத்தை விற்று வாங்கியது என்றோ அதில் இருந்தால் நான் இங்கே சொல்வது மாறும். அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

தம்பி சொல்லும் 1989 கணக்கு அவர் கற்பனை அல்ல. தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்றது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான பெண்களை விட்டுவிட்டது. 1986-ல் கல்யாணமான நீங்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றீர்கள். பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் வந்தது. திருமணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசம் போய்விட்டது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆக நிலம் கூட்டுக்குடும்பச் சொத்தாகவே இருந்தாலும் தம்பியின் வாதம் இன்று நிற்காது. இதெல்லாம் கூட்டுக்குடும்பச் சொத்துக்கான சட்டம். உங்கள் அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு 1956-லிருந்தே இருக்கிறது. கல்யாணத் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட நகையை அந்தப் பங்கில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமில்லை.

உயில் இல்லை என்றோ, செல்லாது என்றோ ஆனால் அப்பாவின் சொத்து ஐந்து சம பாகமாகப் போகும்: அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அண்ணன் கிளைக்கு ஒன்று. அந்த ஐந்தாவது பாகத்தை அண்ணியும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மூன்று ஏக்கரில் உங்களுக்கு 60 சென்ட், அண்ணிக்கு 30, அவர் மகளுக்கு 30. உங்கள் கடிதம் முழுக்க "நானும் தங்கையும்" என்றே எழுதியிருக்கிறீர்கள். அண்ணிக்குப் பங்கு உண்டு என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் மகள் பெயரும் இருக்கின்றனவா? இல்லையென்றால் முதலில் அதைத் திருத்த விண்ணப்பியுங்கள். இந்த இருவரை விட்டுவிட்டு நீங்கள் மூன்று பேரும் அம்மாவும் எந்தப் பத்திரம் போட்டாலும் அது அவர்களைக் கட்டுப்படுத்தாது.

இதைவிடச் சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் பங்கு கொடுக்கும் அதே 8-வது பிரிவு 1971-லும் இருந்தது. தாத்தா இறந்த அன்று அவருடைய மகளான உங்கள் அத்தைக்கும் பங்கு உண்டு. பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் உண்டு. 1978 பாகப்பிரிவினையில் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், அத்தையின் பங்கை அந்தப் பத்திரம் தொட்டிருக்காது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பிள்ளைகள் கேட்டால் கிடைக்குமா என்பது, அத்தை முன்பே விட்டுக்கொடுத்து ஏதாவது எழுதினாரா, அவருக்குப் பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து எத்தனை ஆண்டு அனுபவித்தார்கள் என்பதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியது. பங்காளிகளில் ஒருவர் அனுபவித்தாலே மற்றவர் உரிமை போய்விடாது என்பதுதான் பொது விதி. நீங்கள் நிலத்தை விற்கப் போகும் நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார். அதற்காக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் மகள் என்ற நிலையில் நின்று கேட்கிறீர்கள், அத்தையும் ஒரு மகள்தான். 1978 பத்திரத்தின் நகலை வாங்கி, கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று பாருங்கள்.

இப்போது உயில். தனிச் சொத்தை இந்து ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் எழுதினாலும் செல்லும். (முஸ்லிம் வாசகர்களுக்கு இது பொருந்தாது, மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.) ஆகவே அந்த உயில் உண்மையானது என்று நிரூபணமானால் வீட்டிலும் நிலத்திலும் உங்களுக்குப் பங்கு இல்லை. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

பதிவு செய்யவில்லை என்பதால் உயில் செல்லாமல் போகாது. வெள்ளைத்தாளில் எழுதியிருந்தாலும் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. கைரேகையும் செல்லும். ஆனால் எழுதியவர் கையொப்பமிட்டதையோ ரேகை வைத்ததையோ நேரில் பார்த்தவர்களாக, அல்லது அது தன்னுடையதுதான் என்று அவரே சொல்லக் கேட்டவர்களாக, குறைந்தது இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். அவர்கள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இது 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு. வழக்கு என்று வந்தால் உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவரையாவது கூண்டில் ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றி நிரூபிக்கும் சுமை தம்பியுடையது. உயில் பொய் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் இல்லை.

வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலிருந்து இன்றுவரை நீதிமன்றங்கள் ஒரே வழியில்தான் போகின்றன: உயிலைச் சுற்றிச் சந்தேகம் தரும் சூழ்நிலை இருந்தால், உயிலைக் காட்டுபவர்தான் அதை விலக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அப்படிப்பட்டவை பல இருக்கின்றன. வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்ட ஆசிரியர் ரேகை வைத்திருக்கிறார். நோய்ப் படுக்கையில் எழுதியது. மிஞ்சிய சாட்சி பயனடைபவரின் மைத்துனர். மகள்களைப் பற்றியும் இறந்த மகனின் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா இறந்து இத்தனை காலம் வெளியே வரவில்லை. இவற்றுக்குப் பதிலும் இருக்கலாம். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர் ரேகை வைப்பது இயல்பு. ஆகவே அந்தக் காலத்து மருத்துவமனைச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். எந்தக் கை, பேச்சு இருந்ததா, நினைவு தெளிவாக இருந்ததா, அந்தத் தேதியில் அவர் வீட்டில் இருந்தாரா மருத்துவமனையில் இருந்தாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். உயிலின் நகல் ஒன்றைத் தம்பியிடம் கேட்டு வாங்குங்கள். காட்டுவேன், கொடுக்க மாட்டேன் என்றால் அதையும் குறித்து வையுங்கள்.

டெபாசிட் விஷயம் எளிது. நாமினி என்றால் வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் அதிகாரம் உள்ளவர். அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. 2023 டிசம்பரில் பங்குப் பத்திரங்கள் பற்றிய ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. உயிலில் டெபாசிட் பற்றி எதுவும் இல்லை என்பதால் உயில் உண்மையானாலும் அந்த 8 லட்சம் ஐந்து பங்குதான், பங்குக்கு 1,60,000 ரூபாய். இப்படிப் பார்த்தால், உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் 2 லட்சத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்களுடையது.

பட்டாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமை கொடுக்கும் பத்திரம் அல்ல. மற்ற வாரிசுகளுக்குத் தெரிவிக்காமல் மாற்றியதை எதிர்த்து, பட்டா பாஸ்புக் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டுக்கும் நிலத்துக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், இதற்குள் அடமானமோ கிரய ஒப்பந்தமோ பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அப்பா சொத்தில் அவருக்கு வரும் பங்கும், அவருடைய 40 சென்ட்டும் முழுக்க அவருடையவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தால் அன்றே சொத்து கைமாறிவிடும், மனம் மாறினால் திரும்ப எடுக்க முடியாது. உயில் அப்படி இல்லை. அவர் கண்மூடும்வரை சொத்து அவருடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். எழுதிக் கொடுத்த பிறகு சோற்றுக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்ற நிலைக்கு வந்த தாய்மார்களின் கடிதங்கள் எனக்கு வராத மாதம் இல்லை. 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது: பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் போனால் பத்திரத்தை ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு பெற்றோர் பக்கம் சற்றுத் தாராளமாகப் பார்த்தது. வழக்காடித் தெரிந்துகொள்ள வேண்டாம். அம்மா செட்டில்மென்ட்தான் எழுதுவேன் என்றால் தன் ஆயுட்கால அனுபவ உரிமையை வைத்துக்கொள்வதையும், பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதட்டும். என் அபிப்பிராயம், அவர் உயில் எழுதுவதே நல்லது.

எழுதாமலே விட்டாலும் சிக்கல் உண்டு. பெண்ணின் சொத்துக்கு வாரிசு வரிசை வேறு, அது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு. அம்மாவின் சொத்தில் அண்ணன் மகளுக்குப் பங்கு வரும், அண்ணிக்கு வராது. அண்ணிக்கும் ஏதாவது போக வேண்டும் என்று அம்மா நினைத்தால் எழுதி வைத்தால்தான் உண்டு.

தங்கை மகனுக்கு 40 சென்ட்டை நேரடியாக அவன் பெயரில் எழுத வேண்டாம். 18 வயது தாண்டியவன் என்பதால் பெற்றோர் இயல்பான காப்பாளராகக் கையெழுத்துப் போட முடியாது. நிலம் அவன் பெயரில் முடங்கும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் கைக்குப் போகும். அம்மா தன் உயிலிலேயே ஒரு டிரஸ்ட்டை ஏற்படுத்தலாம்: நிலம் டிரஸ்டிகள் வசம், வருமானம் பையனின் சாப்பாடு, மருத்துவம், இருப்பிடத்துக்கு, அவன் காலத்துக்குப் பிறகு இன்னாருக்கு என்று. 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் இதற்கு இடம் தருகிறது. தங்கையையும் அவர் கணவரையும் மட்டும் டிரஸ்டி ஆக்காதீர்கள், இருவருக்கும் வயதாகிறது. வயதில் இளைய ஒருவரைச் சேர்த்து, ஒருவர் விலகினால் அடுத்தவரை எப்படி நியமிப்பது என்பதையும் எழுத வேண்டும். அண்ணன் மகள் சம்மதித்தால் நல்ல தேர்வாக இருப்பார். இது தவிர, தங்கை இப்போதே 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கட்டும். வங்கிக் கணக்கு முதல் உதவித்தொகை வரை அந்த உத்தரவு உதவும்.

அம்மாவின் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக வேண்டாம். அம்மாவைவிட இளையவர்களாக, பிறகும் கண்டுபிடிக்க முடிகிறவர்களாக இருக்கட்டும். அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்று வாங்குங்கள். யாருக்கு ஏன் கூடக் குறைய என்பதை அம்மாவே தன் வார்த்தையில் இரண்டு வரி சொல்லட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள். முத்திரைக் கட்டணம் கிடையாது, பதிவுக் கட்டணம் சொற்பம். நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் வழி உண்டு. அன்று நீங்கள் பக்கத்தில் இருக்காதீர்கள். நாளைக்குத் தம்பி உங்களைப் பார்த்து, இன்று நீங்கள் அவரைக் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்க இடம் கொடுக்க வேண்டாம்.

தம்பியோடு சண்டை வேண்டாம் என்கிறீர்கள். சரி, வழக்குக்கு முன் பேசிப் பார்க்க வேண்டியதுதான். அம்மா இருக்கும் வீட்டைத் தம்பிக்கே விட்டுவிட்டு, நிலத்தில் மற்ற நான்கு கிளைகளுக்கும் சற்றுக் கூடுதலாகப் பிரிப்பது போன்ற ஏற்பாடுகள் நீதிமன்றத்தைவிடக் கூடத்தில் எளிதாக முடியும். குடும்ப உறுப்பினர்களுக்குள் போடும் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைக் கட்டணத்துக்கு 40,000 ரூபாயும் பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும் உச்சவரம்பாக இருக்கின்றன. உங்கள் பத்திரத்தில் அண்ணி இந்தச் சலுகைக்குள் வருவாரா, உச்சவரம்பு மாறியிருக்கிறதா என்று பதிவுக்கு முன் சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேசும்போது அண்ணியும் அவர் மகளும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்காக நீங்கள் பேசுவது போதாது.

பேச்சு முறிந்தால், வக்கீல் மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். நிலத்தை விற்காமலிருக்க இடைக்காலத் தடையும் அதிலேயே கேட்கலாம். செலவுக்குத் தயங்க வேண்டாம். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நீங்களும் தங்கையும் அண்ணியும் திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வழக்குப் போடும் முன்பே தம்பிக்கு அழைப்பு அனுப்பிச் சமரசம் பேசவும் அங்கே ஏற்பாடு உண்டு. போகும்போது 1952 கிரயம், 1978 பாகப்பிரிவினை, 1984 மனைப் பத்திரம் மூன்றின் நகலும், அப்பாவின் இறப்புச் சான்றும், வாரிசுச் சான்றும், மருத்துவச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.